வெள்ளத்துக்கு எந்த ரேடியோ: சுற்றும் பிடியா, பென்டோர்ச் பற்றரியா?

வெள்ளவத்தையான்:
மழைக்காலம் வருகிறதே என்று கனடா மச்சானிடம் சொல்லி அவசர ரேடியோ ஒன்று எடுப்பித்தேன். கைபிடியைச் சுற்றினால் சார்ஜ் ஏறும். மேலே சோலர் தகடு, பக்கத்தில் டோர்ச், காலநிலை எச்சரிக்கைக்கென்றே தனி அலைவரிசை. இனிக் கரன்ட் போனாலும் கவலையில்லை. எல்லாரும் இப்படி ஒன்று வாங்கி வையுங்கள்.

கொலன்னாவைக்காரி:
தம்பி, அந்தத் தனி அலைவரிசையைப் போட்டுப் பார்த்தீர்களா? இரைச்சல்தான் வரும். அது 162 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் சேவை. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதை நாம் சாதாரண எப்எம் செய்தியில்தான் கேட்கிறோம்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் வீட்டுக் கீழ்மாடி முழுக்கத் தண்ணீர். மூன்று இரவு மேல்மாடியில் இருந்தோம். போன் முதல் நாளே செத்துப்போனது. அப்பாவின் பழைய ரேடியோவுக்கு இரண்டு பென்டோர்ச் பற்றரி, அவ்வளவுதான். செய்தி நேரத்துக்கு மட்டும் திறப்போம், நாகலகம் வீதி அளவுமானியில் ஆற்று மட்டம் எவ்வளவு என்று கேட்டதும் மூடுவோம். அதே பற்றரி கடைசிவரை ஓடியது.

கொட்டாஞ்சேனை மச்சான்:
இந்தக் காலத்தில் ரேடியோவா? நல்ல பவர்பேங்க் ஒன்று போதும். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடிக்கலாம்.

கொலன்னாவைக்காரி:
போனில் சார்ஜ் இருந்தால் மட்டும் போதுமா? போன் கோபுரத்துக்கும் கரன்ட் வேண்டும். அங்குள்ள பற்றரி தீர்ந்தால் 117 எங்கே, வாட்ஸ்அப் எங்கே?

வெள்ளவத்தையான்:
சரி அக்கா, அந்த அலைவரிசை விஷயத்தில் ஏமாந்துதான் போனேன். ஆனால் 2022இல் 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டியதை மறந்துவிட்டீர்களா? அப்படி நாள்கணக்கில் போனால் உங்கள் பற்றரி தீரும். கைபிடி தீராது.

கொலன்னாவைக்காரி:
கைபிடி தீராது, கை தீர்ந்துவிடும். ஒரு நிமிடம் சுற்றினால் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்கலாம். போனுக்கு ஏற்றப் பார்த்தால் தோள்தான் கழன்று விழும். சோலரை நம்பவே வேண்டாம். நமக்கு ரேடியோ தேவைப்படும் நாளில் வெயில் இருக்காது. உள்ளே இருக்கும் லிதியம் பற்றரியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு வைக்காவிட்டால் அதுவும் கெட்டுவிடும். அலுமாரியில் வைத்து மறப்பவர்களுக்குச் சரிவராது. நாமெல்லாரும் மறப்பவர்கள்தானே.

இன்னொன்று. மத்திய அலையில் (ஏஎம்) இங்கே நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த டிஜிட்டல் செட் 10, 10 ஆகத் தாவும், நம் நிலையங்கள் பல சரியாகப் பிடிபடாது. மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
ரீசார்ஜ் பற்றரி போடலாமா? 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 தானே.

கொலன்னாவைக்காரி:
அநேகமான ரேடியோ அதிலும் பாடும். ஆனால் நன்றாகத் தேடி வாங்க வேண்டும், சாதாரணமானது சும்மா இருந்தே இறங்கிவிடும். நான் அல்கலைன் நான்கு வாங்கி, பிரிக்காமல் ரேடியோவோடு ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். செட்டுக்குள் போட்டு விடாதீர்கள், கசிந்து கம்பியை அரித்துவிடும். அப்பாவின் ரேடியோ கடைசியில் அப்படித்தான் போனது.

வெள்ளவத்தையான்:
கைபிடியை நான் விடுவதாக இல்லை, கடைசிக்கு அதுவாவது இருக்கட்டும். ஆனால் இப்போதுதான் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று பென்டோர்ச் பற்றரி போட இடம் இருக்கிறது! புறக்கோட்டைப் பக்கம் யாராவது போகிறீர்களா?