11 நாளில் 23 பக்கம்: ஆங்கில வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது?

படுவான்கரையான்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரன் நான். உயர்தரம் வரை எல்லாப் பாடமும் தமிழில்தான். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது எஸ் சித்தி, ஆகக் குறைந்த சித்தி. அது எப்படிக் கிடைத்தது என்பது எனக்கே வியப்பு. இப்போது கம்பஸில் முகாமைத்துவம், முதலாம் வருடம். விரிவுரை முழுவதும் ஆங்கிலம். விரிவுரையாளர் பகிடி சொன்னால் முன்வரிசை சிரிக்கிறது. அதைப் பார்த்து நானும் சிரிக்கிறேன்.

"நிறைய வாசி, ஆங்கிலம் தானாக வரும்" என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். 340 பக்கம். தடித்த புத்தகம் என்றால் பலனும் கூட என்று நினைத்தேன். போர்டிங்கில் மற்றவர்கள் படுத்த பிறகு இரவு 10 மணி முதல் 12 மணி வரை உட்கார்ந்தேன். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் கைபேசி அகராதியில் பார்த்து, கொப்பியில் தமிழ்க் கருத்தோடு எழுதினேன். 11 நாளில் 23 பக்கம் முடிந்தது. கொப்பியில் 412 சொல் சேர்ந்தது. பன்னிரண்டாம் நாள் தமிழ்ப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு என்னை நானே சோதித்தேன். 37 சொல் நினைவில் இருந்தது. கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் அதுவும் தெரியாது.

அப்பாவோடு வயலில் நின்றவன், உழைக்கப் பஞ்சிப்படுகிறவன் இல்லை. ஆனால் இந்த வேகத்தில் போனால் இந்த ஒரு புத்தகம் முடியவே ஐந்து மாதத்துக்கு மேல் வேண்டும். அகராதி பார்க்காமல் வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை, பார்த்து வாசித்தால் நகரவில்லை. உண்மையில் வாசித்து ஆங்கிலம் பிடித்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

வாவிக்கரை டீச்சர்

தம்பி, முதல் வேலையாக அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டப்பணம் ஏறுவதற்கு முன்.

நீங்கள் 11 இரவும் செய்தது படிப்பு, வாசிப்பு இல்லை. நம் பக்கத்துத் தமிழில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பது எவ்வளவு வசதி! பத்திரிகையை வாசிக்கிறோம், பரீட்சைக்குப் படிக்கிறோம். ஆங்கிலத்தை மட்டும் மூன்றாம் வகுப்பிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறோம், வாசித்ததே கிடையாது.

உங்கள் கொப்பியையே சாட்சிக்கு எடுப்போம். 412 சொல்லை 23 பக்கத்துக்குப் பங்கிட்டால் பக்கத்துக்கு 18. நாவல் பக்கமொன்றில் 300 சொல் என்று வைத்தால், நூற்றுக்கு ஆறு தெரியவில்லை. 94 தெரிகிறதே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு கதையை யாருடைய துணையும் இல்லாமல் நன்றாக விளங்கிக்கொள்ள நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முன்பே, நமக்கு முன்னே கிடக்கும் இதே வங்காள விரிகுடாவின் வடக்குப் பக்கம், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரும் இதையே சொல்லியிருந்தார்: 50 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் புதிதாக இருக்கக் கூடாது. வங்காளத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டு, அருஞ்சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களில் கதைப் புத்தகங்களைத் தயாரித்தவர் அவர். சுருக்காத, எளிமையாக்காத ஒரு நாவலை அகராதியின்றி வாசிக்க எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்பது நேஷனின் பிந்திய கணக்கு. நீங்கள் நீச்சல் பழக முகத்துவாரத்தில் குதித்திருக்கிறீர்கள்.

எனக்கும் ஆங்கிலம் வீட்டில் இருந்து வந்ததில்லை. எங்கள் ஊர் மண்டூர்ப் பக்கம். சண்டைக் காலம், மின்சாரம் கிடையாது, குப்பி விளக்கு. பாடசாலையில் ஒரு தகர அலுமாரியில் யாரோ எப்போதோ அன்பளிப்பாகக் கொடுத்த மெல்லிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் முப்பது அளவில் கிடந்தன. கரையான் தின்றது போக முழுதாக இருந்தவை 19. குருமண்வெளியில் பாதைக்குக் காத்திருக்கும் நேரத்திலும், பாதை வாவியைக் கடக்கும் நேரத்திலும் அவற்றை வாசித்தேன். (இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) அகராதி வைத்திருக்கவில்லை. இருந்திருந்தால் நானும் உங்களைப் போல கொப்பி எழுதியிருப்பேன், உருப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு சொல் நன்றாக நினைவிருக்கிறது: ரிலக்டன்ட்லி. ஒரு கதையில் ஒரு கிழவர் பொலிஸ்காரருக்குக் கதவை 'ரிலக்டன்ட்லி' திறந்தார். மெதுவாகத் திறந்தார் என்று எடுத்துக்கொண்டேன், கதை ஓடியது. இன்னொன்றில் ஒருவன் கடன் காசை ரிலக்டன்ட்லி எண்ணிக் கொடுத்தான். அதுவும் மெதுவாகத்தான் என்று விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஒரு சிறுமி தன் நாய்க்குட்டியை ரிலக்டன்ட்லி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். அந்த இடத்தில் பாதை கரை தட்டியது, எனக்கும் பிடிபட்டது. மனமில்லாமல்! 412 சொல்லில் ஒன்றாக எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு அது இருந்த இடமே தெரிந்திருக்காது.

இப்போது நானும் கம்பஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு ட்ரங்குப் பெட்டியில் 60 புத்தகம் வைத்திருக்கிறேன், பாதி என் சொந்தக் காசு. படிநிலை வாசிப்பு நூல்கள் என்பார்கள். உதாரணமாக ஒக்ஸ்போர்ட் புக்வேர்ம்ஸ் வரிசையில் முதலாம் படி 400 அடிப்படைச் சொல்லுக்குள் எழுதப்பட்டது, இரண்டாம் படி 700, மூன்றாம் படி 1,000, ஆறாம் படியில் 2,500. நீங்கள் முதலாம் படியில் தொடங்குங்கள். வெட்கம் வரும். படம் போட்ட மெல்லிய புத்தகம், 20 வயது ஆளுக்கு! என் வகுப்பில் ஒரு பையன் அதற்குக் கணக்கியல் குறிப்பின் மட்டையைச் சுற்றிக்கொண்டு நூலகத்தில் வாசித்தான். மூன்றாவது கிழமை மட்டையைக் காணவில்லை.

புத்தகத்தைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் வாசியுங்கள். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் இடறினால் ஒரு படி கீழே போங்கள். அகராதி வேண்டாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வையுங்கள். நான் சுருக்கம் எழுதச் சொல்வதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. "இதை வகுப்பில் யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்பேன். முழுதாக வாசிக்காதவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்கன்

டீச்சர் கோபிக்க வேண்டாம். 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்பதுதான் நம் பழமொழி. இவருக்கு நான்கு மாதத்தில் செமெஸ்டர் பரீட்சை. நாய்க்குட்டிக் கதையில் 'ஹைபோதெசிஸ்' வருமா? அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பம் இருக்கிறது. பல்கலைக்கழக நூல்களில் நூற்றுக்குப் பத்துச் சொல் அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகிறது. அதே அளவு கதைப் புத்தகத்தை எடுத்தால் 1.4 மட்டுமே. நாளுக்கு ஐந்து என்று பாடமாக்கினால் நான்கு மாதத்தில் பட்டியல் முடிந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன், சித்தியடைந்தேன். ஆங்கிலக் கதை இன்று வரை ஒன்றுகூட வாசித்ததில்லை.

ஒலுவில் காற்று

சாய்ந்தமருதிலிருந்து ஒலுவில் கம்பஸுக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான். தம்பிக்கு என் அனுபவம் ஒன்று. ஏற்கனவே தமிழில் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் தேடி வாசித்தேன். முல்லாவின் கதைகள், சிறுவயதில் உம்மம்மா சொன்ன நரிக் கதைகள். கதை தெரியும் என்பதால் சொல் தானாக விளங்கும். காரைதீவு தாண்டும்போது தொடங்கினால் நிந்தவூர் வருவதற்குள் ஒரு கதை முடிந்திருக்கும். காசு செலவழிக்க வழியில்லை என்றால், ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகச் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. அவை சலித்த பிறகு விக்கிப்பீடியாவின் எளிய ஆங்கிலப் பதிப்புக்குப் போனேன். பொருளியல் விரிவுரைக்கு முதல் நாள் இரவு அந்தத் தலைப்பை அதில் வாசித்துவிட்டுப் போவேன். மறுநாள் பகிடிக்கு மற்றவர்களோடு சேர்ந்தே சிரிக்கலாம்.

கணக்கன் அண்ணாவிடம் ஒரு கேள்வி: சித்தியடைந்த பிறகு அந்த 570இல் இப்போது எத்தனை மிச்சம்?

வாவிக்கரை டீச்சர்

கணக்கன், கோபம் இல்லை. உங்கள் எண்களும் சரி. ஆனால் அதே ஆய்வில் பக்கத்திலேயே இன்னோர் எண் இருக்கிறது, அதை ஏன் விட்டீர்கள்? கல்விசார் நூல்களிலும் நூற்றுக்கு 76 சொல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட இரண்டாயிரம் சொல் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்தே வருகிறது. மெல்லிய கதைப் புத்தகங்கள் திரும்பத் திரும்பப் புழங்குவது அந்த இரண்டாயிரத்தைத்தான். அந்த 76ஐயும் நின்று எழுத்துக் கூட்டுகிறவர் மேலே பத்தைப் பாடமாக்கி என்ன செய்வார்? உங்களுக்கு அந்த அடித்தளம் முன்பே இருந்திருக்க வேண்டும். தம்பிக்கு எஸ் சித்தி.

பீஜித் தீவில் எல்லி, மங்குபாய் இருவரும் செய்த பரிசோதனையையும் பாருங்கள். புத்தகமே அரிதான எட்டுக் கிராமப் பாடசாலைகளில் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பும் கேட்டு விளங்கும் திறனும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தன. 1983இல் வெளியானது. அவர்கள் சிறுவர்கள், நம்முடையவர்கள் வளர்ந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் படிக்கு வந்த பிறகு தம்பி உங்களிடமே வாங்கிக்கொள்ளட்டும்.

பழமொழிக்கு ஒரு வார்த்தை. என் தகப்பனாரும் வேளாண்மைக்காரர். வயல்வட்டை முழுவதையும் விட்டுவிட்டு ஒரு மூலையையே நாள் முழுக்க ஆழ உழுகிறவனை வயற்சொந்தக்காரரான போடியார் அடுத்த போகத்துக்குக் கூப்பிட மாட்டார்.

கணக்கன்

570இல் மிச்சம் எத்தனை என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். சபையில் சொல்வதாக இல்லை.

படுவான்கரையான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து வருகிறேன். நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், 30 ரூபாய் தண்டம். நண்பன் ஒருவனின் அக்காவிடம் முதலாம் படிப் புத்தகங்கள் ஏழு இருந்தன. நான்கு முடிந்தது. முதல் புத்தகத்தில் நிமிடத்துக்கு 58 சொல் வாசித்தேன், நான்காவதில் 83. கைபேசியில் நேரம் பார்த்துத்தான் சொல்கிறேன். கை அகராதிக்குப் போகாமலிருக்கக் கைபேசியை அம்மாவின் அரிசிப் பானைக்குள் வைத்த நாளும் உண்டு. பிறகு நேரம் பார்க்க மணிக்கூட்டை இரவல் வாங்கினேன்.

ஐந்தாவது ஒரு கொலைக் கதை. 20ஆம் பக்கம் வரை இழுத்துவிட்டேன், மனம் ஒட்டவில்லை. பாதியில் வைக்கலாம் என்றீர்கள். ஆனால் கொலை செய்தது யார் என்று தெரியாமல் எப்படி வைப்பது, டீச்சர்?

வாவிக்கரை டீச்சர்

கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.