அயர்லாந்து, கார்க் நகரப் பயணம் (7 பேர்)

செந்தில்: சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்ய வேண்டும். ஏழு பேர் என்பதால் முன்பணம் கேட்கிறார்கள். சைவம் எத்தனை, அசைவம் எத்தனை? இன்றைக்குள் சொல்லுங்கள்.

சுந்தரம் மாமா: அசைவம் 1

கமலா அத்தை: டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா?

சுந்தரம் மாமா: அது மதுரையில் சொன்னது.

வசந்தா சித்தி: எட்டரைக்குப் போடு. ஊர் சுற்றிவிட்டு வருவோம்.

செந்தில்: அங்கேதான் சிக்கல், சித்தி. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பினால் பட்டினிதான். பல பப்களில் ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். பிறகு குடிக்க மட்டும்தான் கிடைக்கும். மாலையில் சீக்கிரம் போனால் 'ஏர்லி பேர்ட்' என்று இரண்டு மூன்று பதார்த்தங்களைக் குறைந்த விலையில் தருகிற இடங்கள் உண்டு.

பெரியம்மா: பப் என்றால் சாராயக்கடைதானே

செந்தில்: குழந்தை குட்டிகளோடு வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள், பெரியம்மா.

பெரியம்மா: உன் தாத்தா இருந்திருக்க வேண்டும்

சுந்தரம் மாமா: ஓட்டல் காலை உணவில் கருப்பு புட்டிங், வெள்ளை புட்டிங் என்று போட்டிருக்கிறது. இனிப்பா?

செந்தில்: இரண்டும் பன்றி, மாமா. கருப்பில் ரத்தமும் ஓட்ஸும் சேரும். வெள்ளையில் ரத்தம் கிடையாது, அவ்வளவுதான். வெள்ளையாக இருக்கிறதே என்று யாரும் சைவக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சுந்தரம் மாமா: அட, நம் ஊர் ரத்தப் பொரியலின் பங்காளி! அசைவம் 2 என்று எழுது.

கமலா அத்தை: 0

செந்தில்: கார்க்கிலேயே 'டிரிஷீன்' என்று இன்னொரு ரத்த வகை இருக்கிறது. 1788-இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட்டில் காட்டுகிறேன்.

பிரியா: அண்ணா, அவருக்கு எடுத்துக் கொடுக்காதே.

வசந்தா சித்தி: பெரியம்மாவுக்குக் காய்கறி சூப் போதும்.

பெரியம்மா: சிங்கப்பூரில் குடித்த காளான் சூப்பா?

சுந்தரம் மாமா: எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னுமா?

செந்தில்: சூப் விஷயத்தில் பெரியம்மா சொல்வது சரி. மெனுவில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறித்திருப்பார்கள். அதில் மீன், முட்டை, பால் எல்லாம் வரும். கோழி, மாடு, பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. எதை வேகவைத்த தண்ணீர் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சிப்ஸையும் (அங்கே அது ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்) சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். பெரியம்மாவுக்கு நான் நினைத்திருப்பது கோல்கேனன்: மசித்த உருளைக்கிழங்கில் கேல் கீரையோ முட்டைக்கோஸோ, மேலே வெண்ணெய். இல்லையென்றால் பாக்ஸ்டி, உருளைக்கிழங்கு அடை மாதிரி.

பெரியம்மா: காரம்?

செந்தில்: மிளகு.

பெரியம்மா: பருப்புப்பொடி எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தா சித்தி: நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2 கிலோ வாங்கிவிட்டேன்.

செந்தில்: ஐயோ சித்தி! ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் சேர்த்துத்தான்.

வசந்தா சித்தி: நேற்றே சொல்வதற்கு என்ன?

பிரியா: மே மாதமே சொன்னான்.

கமலா அத்தை: எங்கள் வீட்டுக்கு 1 கிலோ அனுப்பிவிடு.

பெரியம்மா: பெரியவன் வீட்டை விட்டுவிட்டாயா?

செந்தில்: ஆறரையா, ஏழரையா? சைவம் எத்தனை?

சுந்தரம் மாமா: அன்று பில் யாருடையது?

செந்தில்: என்னுடையது. கூட்டமாகப் போனால் பல இடங்களில் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்தே போடுவார்கள், நீங்கள் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம்.

சுந்தரம் மாமா: அப்படியானால் ஏழரை.

வசந்தா சித்தி: முக்கால் கிலோதான் தர முடியும்.