தொப்பூர் இறக்கமும் நான்கு டயரும்

வீடு சேலம், வேலை ஓசூர். வெள்ளி ராத்திரி கிளம்பி சேலம், திங்கள் விடியற்காலை திரும்ப ஓசூர். வண்டி 2018 ஸ்விஃப்ட், டயர் 185/65 ஆர்15. டிசம்பரில் ஓசூரில் பல் கிட்டும் குளிர், கத்திரியில் சேலத்து ரோடு கொதிக்கும், ஐப்பசியில் நடுவழியில் மழை. ஒரே டயர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

போன ஐப்பசி வரை டயரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர், 46,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அன்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தூறல். 60-க்கு மேல் போகவில்லை. முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் அடிக்க, நானும் மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறுகிறது, ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, வண்டி மட்டும் நிற்காமல் எண்ணெய் மேல் போவதுபோல் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் நின்றபோது நடுவில் ஒரு கைப்பிடி இடம். லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கும் ‘ஒலி எழுப்புக’வை அவ்வளவு பக்கத்தில் அதற்குமுன் நான் படித்ததில்லை.

மறுநாள் டயரைக் குனிந்து பார்த்தேன். ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு, அதாவது பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. என் முன் டயர் இரண்டும் சமமாகி எத்தனை நாள் ஆனதோ.

சேலத்தில் மூன்று கடை ஏறினேன், மூன்று கடைக்காரர்களும் மூன்று கம்பெனிப் பெயர் சொன்னார்கள். முதல் கடையில், “எம்ஆர்எஃப் போடுங்க, எங்க பஞ்சரானாலும் அதே சைஸ் கிடைக்கும்.” இரண்டாவது கடையில் சியட் மைலேஸ், அதிக கிலோமீட்டர் ஓடுமாம். மூன்றாவது கடைக்காரர் வயதானவர். “எங்கெங்க ஓட்டுவீங்க?” என்று கேட்டது அவர் ஒருவர்தான். கட்டியான ரப்பர் மெதுவாகத் தேயும், ஆனால் ஈர ரோட்டில் பிடிப்பு குறையும். மிருதுவான ரப்பர் மழையில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் முழுசாக ஒரே டயரில் கிடைக்காது என்றார். தொப்பூரைச் சொன்னதும் மிஷலின் பக்கம் கை நீட்டினார். “ஃபாரின் டயரா?” என்றேன். சிரித்துவிட்டார். மிஷலினுக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஆலை இருக்கிறதாம். ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே. எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கியது. பேரைப் பார்த்து உள்ளூர், வெளியூர் என்று பிரிப்பதில் அர்த்தமில்லை என்றார்.

மிஷலின் நான்கும் சேர்த்து 22,000-க்குக் கொஞ்சம் மேல். இதேபோல் கலந்து ஓட்டுகிறவர்கள் என்ன போட்டீர்கள், எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

*

கோவையிலிருந்து. டிசையர், டாக்சி.

தம்பி, எனக்கு டயர் என்றால் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்கிற கணக்குதான். எம்ஆர்எஃப் இசட்விடிவி போட்டு 60,000 தாண்டினேன். அதில் பாதி, 10,000-க்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் மாற்றி, சக்கரம் கோணாமல் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்ததில் வந்தது. அலைன்மென்ட் போனால் எந்தப் பேர் டயரும் உள்பக்கம் ரம்பம்போல் தேய்ந்துவிடும்.

நான் பட்டது வேறு. இரண்டு டயர் மட்டும் புதுசாக வாங்கி முன்னால் போட்டேன். இழுக்கிற சக்கரம் முன்னால்தானே, அங்கேதான் பிடிப்பு வேண்டும் என்று நானாக ஒரு கணக்கு. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது நல்ல தூறல். 40 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டேன். வளைவில் லேசாக பிரேக் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டது. முன் டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் மொட்டை. பின்சீட்டில் கல்யாண வீட்டுக்காரர்கள் நாலு பேர், ஒருவரும் மூச்சு விடவில்லை. சுவர் ஓரமாக நின்றது, கடவுள் புண்ணியம். முன்னால் வழுக்கினால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்னால் வழுக்கினால் வண்டியே திரும்பிவிடும். இப்போது புது டயர் இரண்டு என்றால் பின்னால்தான் போடச் சொல்கிறேன். கடைக்காரர் தலை ஆட்டாவிட்டாலும் விடுவதில்லை.

*

தூத்துக்குடியிலிருந்து. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்.

நீங்கள் இருவரும் தேய்ந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் டயர் தேயவே இல்லை. கோயில், மார்க்கெட், எப்போதாவது திருநெல்வேலி. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பட்டன் புதுசு மாதிரியே இருந்ததால் ஏழு வருஷம் மாற்றவில்லை. போன மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நாற்கரச் சாலையில் வெடித்தது. என்ன பேர் டயர் என்று சொல்ல மாட்டேன், தப்பு அதன் மேல் இல்லை. பஞ்சர் கடைப் பையன் பக்கவாட்டை விரலால் மடக்கிக் காட்டினான், முழுக்க முடி மாதிரி வெடிப்பு. “சார், இது தேயல, செத்துப்போச்சு.”

டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. சில சமயம் அந்த எண் உள்பக்கம் போய்விடும். மாட்டிய பிறகு பார்ப்பது கஷ்டம், கடையிலேயே பார்த்துவிடுங்கள். எனக்குப் புது டயர் என்று முதலில் எடுத்து வைத்தது இரண்டு வருஷம் பழசு. வேறு கேட்டேன், முனகிக்கொண்டே மாற்றினார்கள்.

*

திரும்ப சேலத்திலிருந்து.

மிஷலினே போட்டேன். மூன்று மாதம் ஆகிறது. சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. தொப்பூரில் ஈரத்தில் வேண்டுமென்றே மெதுவாக பிரேக் அடித்துப் பார்த்தேன், பிடிக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது பிறகுதான் தெரியும். கோவை அண்ணனின் 60,000 வருமா என்பது சந்தேகமே.

இன்னொரு முட்டாள்தனமும் பிடிபட்டது. இத்தனை நாள் காற்று அடித்தது சேலத்தில், 150 கிலோமீட்டர் ஓடி வந்த சூட்டோடு. 33 காட்டும், திருப்தியாகக் கிளம்புவேன். திங்கள் ஓசூரில் காலை ஆறு மணிக்கு, வண்டி எடுக்குமுன் அளந்தால் 28. சூட்டில் ஏறிய காற்று குளிரில் இறங்கிவிடுகிறது. பழைய டயர் ஓரம் தேய்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கும். இப்போது கையடக்க கேஜ் ஒன்று வாங்கி, வண்டி நகருமுன் அளக்கிறேன்.

சார் சொன்ன நாலு எண்ணை, மொபைல் டார்ச் அடித்து நாலு டயரிலும் பார்த்துவிட்டேன். எல்லாம் ஆறு மாதத்துக்குள் செய்தவை.

*

கோவை.

ஸ்டெப்னியைப் பார்த்தீங்களா தம்பி?

*

சேலம்.

இப்போதுதான் டிக்கியைத் திறந்தேன் அண்ணே. வண்டியோடு வந்த 2018 டயர், ஒருமுறைகூட இறக்கியதில்லை. காற்று 12 இருக்கிறது.