பாந்தியனுக்குள் மழையில் மாட்டியவர்கள் உண்டா?

மழைக்காகம்:
ரோமில் பாந்தியன், பழைய ரோமானியர் கட்டிய கோயில். கூரை உச்சியில் 8 மீட்டருக்கு மேல் அகலமான திறந்த வட்டம், உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளிருந்து எழும் வெப்பக் காற்று மழையைத் தடுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மாவிடமும் அளந்துவிட்டிருந்தேன். நுழைந்த பத்தாவது நிமிடம் பிடித்தது மழை. வட்டத்தின் அளவுக்கு ஒரு தூண் போல நேரே தரையில் இறங்கியது. அம்மா என்னைப் பார்த்த பார்வை! தண்ணீர் தேங்கவில்லை, தரைக்கல்லில் இருந்த சிறு துளைகளுக்குள் போய்விட்டது. மொத்தம் 22 துளைகள் என்பார்கள். நான் 19 எண்ணுவதற்குள் காவலர் கயிறு கட்டி எங்களை ஒதுக்கிவிட்டார். மீதி மூன்று எங்கே?

கொத்தனார் மகன்:
மூன்று துளைக்கா இந்தக் கவலை? நாற்பது ஆண்டு கரண்டி பிடித்த என் அப்பா அதே இடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கம்பியை எங்கே கட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். கம்பியே இல்லை என்றேன். 43 மீட்டர் அகலக் கான்கிரீட் குவிமாடம். அடியில் 6 மீட்டர் தடிமன், உச்சியில் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. கலவையில் கீழே கனமான கல், மேலே போகப் போக எரிமலை நுரைக்கல். அப்பா பதில் சொல்லாமல் வெளியே வந்து வாசல் தூணைத் தட்டிக்கொண்டே நின்றார். ஊர் திரும்பியும் அந்தப் பேச்சை எடுக்கவிடுவதில்லை.

உப்புக்காற்று:
கம்பி இல்லாததால்தான் நிற்கிறது ஐயா. கம்பி இருந்திருந்தால் எப்போதோ துருப்பிடித்து வெடித்திருக்கும். இதில் வாயடைத்துப்போக என்ன இருக்கிறது?
என்னை உலுக்கியது பொம்பேய், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமானிய ஊர். தெருவைக் கடக்கப் போட்ட உயரக் கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளம். விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கடைசி வண்டி போனது கி.பி. 79இல் என்று உறைத்ததும் கையை எடுத்துவிட்டேன்.

நடைவண்டி:
நானும் பொம்பேயில் வெயிலில் மயங்கப் பார்த்தேன். போகிறவர்கள் கவனிக்க: செருப்பு வேண்டாம், அந்தக் கற்கள் வழுக்கும். தொப்பி கட்டாயம். பாந்தியன் முன்புபோல் இலவசம் இல்லை, 2023 முதல் டிக்கெட் உண்டு. ரோமில் தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். தெருவோரம் வளைந்த மூக்குடன் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிநீர். மூக்கை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீறிடும் (எதிரே யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்). அவை ரோமானியர் வைத்தவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1874 முதல் வந்தவை. கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் வழித்தோன்றல் த்ரேவி நீரூற்றுக்குத் தண்ணீர் தருகிறது. பலமுறை பழுதுபார்த்த கால்வாய். அந்த நீரூற்றுத் தொட்டியில் வாய் வைக்காதீர்கள், வந்தவர்கள் வீசிய காசுதான் கிடக்கும்.

மழைக்காகம்:
இவ்வளவு சொன்னவர் குடையைச் சொல்லவில்லையே! மழை நாளில் போகிறவர்கள் துளைகளை எண்ணிச் சொல்லுங்கள். இங்கே வானம் இருட்டினால் அம்மா துணியை எடுப்பதில்லை. "வெப்பக் காற்று தடுத்துவிடும்" என்கிறார்.