'அரையாண்டு மக்கள்தொகை' சரியா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். புள்ளியியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓராண்டில் இறந்தோர் தொகையை ஜூலை 1 மக்கள்தொகையால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் இறப்பு வீதம். ஆண்டின் நடுவில் கொள்ளும் அந்தத் தொகையை வரைவில் 'அரையாண்டு மக்கள்தொகை' என்று எழுதியிருக்கிறோம். இருக்கட்டுமா?

---

வேண்டாம். அரையாண்டு ஆறு மாத நீளம். அது ஒரு நாளைச் சுட்டாது. ஓர் ஆண்டில் அரையாண்டு இரண்டு, நடு ஒன்றே. பக்கத்து அட்டவணையில் 'அரையாண்டுப் பிறப்புகள்' என்றிருந்தால் மாணவர் இரண்டையும் இணைத்து வகுப்பார். பிறப்பு வீதம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 'நடுவாண்டு' என்க. நடு + ஆண்டு சேர, இடையில் 'வ்' என்னும் உடம்படுமெய் வரும், சிக்கலில்லை.

---

நடு + ஆறு நட்டாறு ஆனதே, பிறகு ஏன் நட்டாண்டு ஆகாது? அதைவிட, நடு என்றே பொருள்தரும் 'நள்' என்ற வேர் இருக்க நடுவை ஏன் தேடவேண்டும்? நள்ளிரவு, நண்பகல் வரிசையில் 'நள்ளாண்டு'. அரையையும் தள்ளிவிட முடியாது: அரைஞாண் கட்டும் இடம் உடலின் நடுதானே?

---

ஐயா, அரை இடுப்பைக் குறிப்பதால் அரையாண்டு ஆண்டின் இடுப்பாகிவிடாது. அரையாண்டுத் தேர்வு எழுதிய யாரும் அப்படிக் கேட்பதில்லை. 'நள்ளென் றன்றே யாமம்' என்ற குறுந்தொகை 6-ஆம் பாட்டில் நள் ஓசைக்குறிப்பு. நள்ளுதல் நட்புக் கொள்ளுதல், நள்ளார் பகைவர். பதினொன்றாம் வகுப்பு மாணவர் 'நள்ளாண்டு' என்பதை நட்பில்லாத ஆண்டு என்று பிரிக்கவும் இடமுண்டு. 'இடையாண்டு' என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் வரும் ஆண்டு, அதுவும் ஆகாது.

---

சொல்லோடு நாளையும் எழுதுங்கள். 365 நாளில் நடுநாள் 183-ஆவது, அதாவது ஜூலை 2. லீப் ஆண்டில் ஜூலை 1 முடியும் நள்ளிரவே நடு. ஜூலை 1 கணக்கு வசதிக்கான வழக்கு. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கோ நடு செப்டம்பர் இறுதியில் வரும். நாள் இல்லாமல் நடுவாண்டு என்று மட்டும் விட்டால் கணக்குத் தவறாகும்.

---

நன்றி. முதல் முறை 'நடுவாண்டு மக்கள்தொகை (ஜூலை 1 நிலவரம்)', பிறகு 'நடுவாண்டு' மட்டும். அரையாண்டு ஆறு மாதத் தொகைகளுக்கே.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. நள்ளிரவில் பகைவரைக் காணாதவர் நள்ளாண்டில் மட்டும் காண்பாரா? நடு என்று பொருள்படும் 'நாப்பண்' என்ற சொல்லை இன்னும் யாரும் எடுக்கவேயில்லை.