புதுப்பிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக் கூரைச் சோலார், புதுக் கணக்கு

முந்தைய பதிவில் போட்ட கணக்கு, வெளியே அனுப்பும் யூனிட்டை வாங்கும் யூனிட்டோடு சரிக்குச் சரி கழித்த நெம் 3.0 திட்டத்துக்கானது. அது 2025 ஜூன் 30-இல் முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் சோலார் ஆதாப் என்ற புதுத் திட்டம். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு 5 கிலோவாட் வரை, த்ரீ ஃபேஸுக்கு 15 வரை.

முக்கிய மாற்றம் விலையில்தான். வீட்டிலேயே செலவாகும் சோலார் யூனிட்டுக்கு, ஊக்கக் கழிவைச் சேர்க்காமல், 44.43 சென் மிச்சம்: எரிசக்தி 27.03, கொள்ளளவு 4.55, நெட்வொர்க் 12.85. வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும்தான் கழியும். மிஞ்சிய கிரெடிட் அந்த மாதத்தோடு காலி. ஆகவே வாஷிங் மெஷின், அயர்ன், ஏர்கோன் எல்லாம் பகல் 11-இலிருந்து 3-க்குள் ஓடட்டும். "பெருசா போடுங்க அண்ணே" என்று இன்னும் பழைய கணக்கைக் காட்டும் கான்ட்ராக்டரிடம் எச்சரிக்கை.

மாதம் 200 யூனிட்டுக்குள் எரிக்கும் தோட்டத்து வீடுகளுக்குச் சோலார் வேண்டாம் என்பேன். குறைவாக எரிப்பவர்களுக்கு பில்லில் யூனிட்டுக்கு 25 சென் ஊக்கக் கழிவு இருப்பதால் நிகர விலை 19.43 சென்தான், போட்ட காசு எப்போது திரும்புவது?

லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) கடைசி வீடுகளில், சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நல்ல வெயிலில் நின்றுபோகிறதே என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நீண்ட லைனின் கோடியில் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும்போது வோல்டேஜ் ஏறும். 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். நண்பகலில் இன்வெர்ட்டர் திரையையும் மீட்டர் பக்க வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதிகமென்றால் இடையில் உள்ள கேபிள் மெலிசு, தடிமனாக மாற்றுங்கள். இரண்டும் உயர்ந்தே இருந்தால் கோளாறு வெளி லைனில். மின்வாரியமான டிஎன்பி-யிடம் புகார் செய்யுங்கள்.

செம்பனை ஆலைக் கரி படியும் பக்கம் சோலார் பலகையை வெறும் தண்ணீரால், காலையில் சூடேறும் முன் கழுவுங்கள். பிரஷர் ஜெட் வேண்டவே வேண்டாம்.