புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100 திணறல் தீர்ந்தது

அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியதும், பாதி திராட்டிலில் வண்டி திணறுகிறது, ஸ்பார்க் பிளக் வெளுக்கிறது (பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம்) என்று போன மாதம் புலம்பியிருந்தேன். "பெரிய ஜெட் போடுங்கள்" என்றவர்களே அதிகம். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை.

போட்டேன். முழு திராட்டிலில் சரியானது. நடுவில் திணறல் அப்படியே. நடு திராட்டிலில் பெட்ரோலை அளக்கும் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) கீழே மாற்றினேன், அதாவது ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடியது. திணறல் போனது, புகை வந்தது. உறிஞ்சும் சத்தமோ, மயிலாப்பூரிலிருந்து கிண்டி போவதற்குள் காதை அடைத்துவிட்டது.

புதுப்பேட்டையில் உதிரிபாகம் விற்கும் பெரியவர் சிரித்தார். "தம்பி, அந்தப் பெட்டி சத்தத்தை அடக்க மட்டுமா? காற்றுக்கு அளவு போடுவதும் அதுதானே!" உண்மைதான். பெட்டி தரும் தடையையும் கணக்கில் வைத்துத்தான் ஜெட்டின் அளவு முடிவாகிறது. தடையை எடுத்தால் காற்று கூடி, கலவை மெலிந்து (அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்), இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனே உருகக்கூடும்.

நான் பெட்டியைக் கழற்றக் காரணமே அதன் ரப்பர் குழாயில் இருந்த வெடிப்பு. புதுக் குழாய், பழைய பெட்டி, பழைய ஜெட், கிளிப் நடுக்காடியில். இப்போது பிளக் காப்பித்தூள் நிறம், அதாவது கலவை சரி.

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி (ஸ்னோமொபைல்) ஓட்டுபவர்கள் குளிர் கூடக்கூட ஜெட்டைப் பெரிதாக்குவார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோலும் கூட வேண்டும். நமக்கு மார்கழியிலும் அந்தக் கவலை இல்லை.

கூம்பு ஃபில்டர் வேண்டுவோர் சொல்லுங்கள், சும்மா தருகிறேன்.